கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் வந்துவிட்டது. 'ஊழியர்' என்று சொல்ல மட்டும் ஏன் இத்தனை பயம்?

காவிரிக்கரை
6 செப்டம்பர் 2025, இரவு 10:12

இன்று சனிக்கிழமை, காலையிலிருந்து கல்லூரி ஃபுட்பால் (நம்மூர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) பார்த்துவிட்டு எழுதுகிறேன். இந்த சீசனில்தான் அமெரிக்கக் கல்லூரிகள் முதல்முறையாகத் தங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. ஜூன் 6-ஆம் தேதி நீதிபதி கிளாடியா வில்கன், ஆட்டக்காரர்கள் பணம் கேட்டுப் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். ஜூலை 1 முதல் ஒரு கல்லூரி ஆண்டுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பங்கு பிரித்துக் கொடுக்கலாம். 2016-லிருந்து ஆடியவர்களுக்குப் பழைய பாக்கியாக சுமார் 280 கோடி டாலர், பத்து வருடத் தவணையில்.

எனக்கு இதில் சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு பழைய விஷயம் மனசை விட்டுப் போகவில்லை.

2010-இல் மத்திய மேற்கில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்எஸ் படித்தேன். கைச்செலவுக்காக விளையாட்டுத் துறையின் படிப்பு மையத்தில் ட்யூட்டர் வேலை பார்த்தேன். மணிக்கு 10 டாலர், வாரம் 20 மணி நேரம். என்னிடம் புள்ளியியல் படிக்க வந்த ஒரு பையன் ஃபுட்பால் அணியில் தடுப்பு வரிசையில் ஆடுபவன். பயிற்சி முடித்து இரவு எட்டரைக்கு மேல்தான் வருவான். முழங்காலில் ஐஸ் பையை வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். ஐஸ் உருகி மேசைக்கு அடியில் சொட்டிக்கொண்டே இருக்கும். கால்குலேட்டரைப் பிடிக்க முடியாமல் இரண்டு விரல்களைச் சேர்த்து டேப் ஒட்டியிருந்த நாட்களும் உண்டு. விடைத்தாளைத் தள்ளி வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்வான், நான் எழுப்புவேன்.

அவனுக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் ஆசை. ஆய்வகம் மதியம் இரண்டு மணிக்கு, பயிற்சியும் அதே நேரம். வேறு பாடம் எடுத்துக்கொள் என்றார்கள், எடுத்துக்கொண்டான். மூன்றாவது வருடம் ஆட்டத்தின் நடுவே முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்தக் காலத்தில் ஸ்காலர்ஷிப் ஒரு வருடத்துக்கு ஒரு வருடம்தான். அடுத்த கோடையில் புதுப்பிக்கவில்லை. ஊருக்குப் போய்விட்டான்.

எனக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் ஊழியர் அட்டை இருந்தது. படிப்பு மையத்துப் படிக்கட்டில் நான் வழுக்கி விழுந்திருந்தால், மணிக்கு 10 டாலர் வாங்கிய எனக்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு உண்டு. எண்பதாயிரம் பேர் பார்க்க, டிவியில் நேரலையாக, அதே பல்கலைக்கழகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு காலை முறித்துக்கொண்ட அவனுக்கு அது கிடையாது. ஏனென்றால் அவன் ஊழியன் இல்லை, மாணவன்.

பதினைந்து வருடம் கழித்து இன்று கோடிக்கணக்கில் பணம் வந்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்ட நிலை மாறவில்லை. இன்றும் அவர்கள் ஊழியர்கள் இல்லை. இதைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இந்த இழை.


கணேஷ்_டல்லாஸ்
6 செப்டம்பர் 2025, இரவு 11:35

காவிரிக்கரை அண்ணா, உங்கள் பையனின் கதை கஷ்டமாக இருக்கிறது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

நான் எம்எஸ் படிக்க ஊரில் வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் கல்விக்கடன் வாங்கினேன். கட்டி முடிக்க ஆறு வருடம் ஆனது. இங்கேயே பிறந்த பிள்ளைகளும் பட்டம் வாங்கும்போது கழுத்தளவு கடனோடுதான் வெளியே வருகிறார்கள். ஃபுல் ஸ்காலர்ஷிப் கிடைத்த ஆட்டக்காரனுக்கு ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் இலவசம். தனியார் கல்லூரியில் நான்கு வருடத்துக்கு அது இரண்டு லட்சம் டாலரைத் தாண்டும். கூடவே உங்களைப் போன்ற ட்யூட்டர், டாக்டர், பயிற்சியாளர், ஊட்டச்சத்து ஆலோசகர். இது சம்பளம் இல்லையா?

இன்னொன்று. பணம் வந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2024 செப்டம்பரில் நெவாடா லாஸ் வேகஸ் ஃபுட்பால் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மேத்யூ ஸ்லூகா, சொன்ன ஒரு லட்சம் டாலர் வரவில்லை என்று மூன்றே ஆட்டத்தில் விலகினார். இந்த ஏப்ரலில் டென்னசியின் நிக்கோ யாமலியாவா பணத் தகராறில் வெளியேறி யுசிஎல்ஏவுக்குப் போனார். வருடா வருடம் அணி மாறுகிறார்கள். ஒரு கல்லூரியின் பெயரை நெஞ்சில் சுமந்து ஆடுவது என்பதே போய்விட்டது. எனக்கு அந்த இழப்பு உண்மையிலேயே வலிக்கிறது.


நெல்லைச்சீமை
7 செப்டம்பர் 2025, காலை 8:20

கணேஷ், அணி மாறுவது ஆட்டக்காரன் செய்தால் துரோகம், கோச் செய்தால் முன்னேற்றமா? டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பியபோது, ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த 7 கோடியே 60 லட்சம் டாலரைக் கொடுக்க ஒத்துக்கொண்டுதான் அனுப்பியது. வேலை செய்யாமல் இருப்பதற்கு அவ்வளவு. உங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில்தான் நடந்தது.

கல்லூரிகளும்தான் அணி மாறின. டிவி பணத்துக்காக 2024-இல் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏவும் யுஎஸ்சியும் மேற்குக் கரைக் கூட்டமைப்போடு இருந்த நூறு வருட உறவை விட்டுவிட்டு மத்திய மேற்கின் பிக் டென் கூட்டமைப்புக்குப் போயின. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்ட் இப்போது அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் ஆடுகிறது. அந்தக் கல்லூரியின் வாலிபால் பிள்ளைகள் ஒரு ஆட்டத்துக்காக நாட்டைக் குறுக்கே கடந்து போய்விட்டு, திங்கட்கிழமை காலை வகுப்பில் உட்கார வேண்டும். படிப்புதான் முக்கியம் என்று சொன்னவர்கள் எடுத்த முடிவு இது.

பழைய காலம் எப்படி இருந்தது என்று மறந்துவிடக்கூடாது. 2010-இல் ஜார்ஜியாவின் ஏ.ஜே. கிரீன் தன் சொந்தச் சட்டை ஒன்றை ஆயிரம் டாலருக்கு விற்றதற்காக நான்கு ஆட்டம் தடை. 2014-இல் கனெக்டிகட் பாஸ்கெட்பால் அணியைச் சாம்பியன் ஆக்கிய ஷபாஸ் நேப்பியர், பல இரவுகள் பசியோடு படுத்திருக்கிறேன் என்று நிருபர்களிடம் சொன்னார். அதே மாதம்தான் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு வயிறாரச் சாப்பாடு போடலாம் என்று விதியைத் திருத்தியது. அந்தப் போட்டித் தொடரின் டிவி உரிமை 14 வருடத்துக்கு 1,080 கோடி டாலருக்குப் போயிருந்த காலம் அது.

2019 பிப்ரவரியில் டியூக், வட கரோலினா பாஸ்கெட்பால் ஆட்டத்தை நேரலையில் பார்த்தேன். ஒபாமா அரங்கில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டியூக்கின் ஸையன் வில்லியம்சன் திரும்புகிறார், இடது கால் ஷூ பிளந்து பாதம் வெளியே வந்துவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. அந்தக் கால் போயிருந்தால் அந்தப் பதினெட்டு வயசுப் பையனின் கையில் சம்பளம் என்று ஒரு காசும் இருந்திருக்காது.


காவிரிக்கரை
7 செப்டம்பர் 2025, பகல் 1:05

கணேஷ் தம்பி, ஸ்காலர்ஷிப் பெரிய விஷயம்தான். நானும் கடன் வாங்கிப் படித்தவன், அதன் அருமை தெரியும். ஆனால் அதைச் சம்பளம் என்று நீங்கள் சொல்கிறீர்கள், கல்லூரிகள் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் ஊழியர் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பயத்தின் வரலாறைப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும்.

1953-இல் டென்வர் பல்கலைக்கழக வழக்கில், காயம்பட்ட ஒரு ஆட்டக்காரரை ஊழியர் என்று கொலராடோ உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்லூரிகள் கலங்கிப்போயின. 1955-இல் அதே கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரியின் ரே டெனிசன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி இழப்பீடு கேட்டார். 1957-இல் நீதிமன்றம் மறுத்தது. கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை, எனவே அவர் தொழிலாளி இல்லை என்பது காரணம்.

'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல் இந்த வருடங்களில்தான் பிறந்தது. என்சிஏஏவின் முதல் நிர்வாக இயக்குநர் வால்டர் பையர்ஸ் 1951 முதல் 1987 வரை அந்தப் பதவியில் இருந்தவர். இழப்பீட்டு வழக்குகளுக்குப் பயந்து இந்தச் சொல்லை உருவாக்கி, எல்லா விதிகளிலும் புகுத்தினோம் என்று 1995-இல் எழுதிய நூலில் அவரே ஒப்புக்கொண்டார். முப்பத்தாறு வருடம் அந்தக் கோட்டையைக் காத்தவர் கடைசியில் ஆட்டக்காரர்கள் பக்கம் பேசினார்.

அந்தச் சொல் பிறகு எத்தனை பேரைத் தடுத்தது என்று பாருங்கள். கென்ட் வால்ட்ரெப் 1974-இல் அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்து முறிந்து முடங்கினார். டெக்ஸாஸ் நீதிமன்றம் 2000-இல் அவர் ஊழியர் இல்லை என்றது. 2014-இல் நார்த்வெஸ்டர்ன் ஆட்டக்காரர்கள் கெய்ன் கோல்ட்டர் தலைமையில் சங்கம் அமைக்கக் கேட்டார்கள். சீசனில் வாரம் 40 முதல் 50 மணி நேரம் ஃபுட்பாலுக்கே போகிறது என்று தொழிலாளர் வாரியத்தின் வட்டார இயக்குநர் கணக்கெடுத்து, இவர்கள் ஊழியர்களே என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த வருடம் மேல் வாரியம் இதில் நாங்கள் தலையிட மாட்டோம் என்று கைவிட்டது.

கல்லூரிகளின் ஒப்பந்தங்கள் வணிகப் போட்டிச் சட்டத்தை மீறுகின்றன என்று வழக்குப் போட்ட முன்னாள் பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் எட் ஓ'பேனன் 2014-இல் ஜெயித்தார். 2021-இல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வருடம் ஜூலையில் பெயர், படம், சாயலை வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. ஒவ்வொரு கதவும் திறந்தது, அந்த ஒரு கதவைத் தவிர. இந்த ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் வந்த ஸ்கோர் மசோதா, இவர்கள் ஊழியர்கள் இல்லை என்று சட்டமாகவே எழுதப் பார்க்கிறது.


மாலதி_சிவா
7 செப்டம்பர் 2025, மாலை 6:48

இரண்டு நாளாகப் படிக்கிறேன். எல்லோரும் ஃபுட்பால் பற்றியே பேசுகிறீர்கள். என் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

அவள் நெடுந்தூர ஓட்டக்காரி. போன வருடம் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் கிராஸ் கன்ட்ரி அணியில் வாக்-ஆன், அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்தவள். ஒரு டாலர் கேட்கவில்லை. அணியில் இடம் மட்டும்தான் கேட்டாள். காலை 4:50-க்கு அலாரம். லீவுக்கு வந்தாலும் அதே நேரத்துக்கு எழுந்து பனியில் ஓடப் போவாள். திரும்பி வந்து வாசலில் ஷூவைக் கழற்றி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து ஹீட்டர் பக்கத்தில் வைப்பாள். ஈரம் காய்ந்தால்தான் மறுநாள் ஓட முடியும்.

ஹவுஸ் சமரசத்தில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பை எடுத்துவிட்டு, அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துவிட்டார்கள். கிராஸ் கன்ட்ரிக்கு 17 பேர். அவள் அணியில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். நவம்பரில் கோச் வீடியோ அழைப்பில் கூப்பிட்டார். பேச்சு ஒன்பது நிமிடம். அவரும் அழுதார் என்று பெண் சொன்னாள், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஏப்ரலில் நீதிபதி வில்கன் இப்படி வெளியே தள்ளப்பட்டவர்களைக் காப்பாற்றாமல் ஒப்புதல் தர மாட்டேன் என்று நிறுத்தினார். அன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. கடைசியில் அவர்களை வரம்பில் சேர்க்காமல் திரும்ப எடுக்கலாம் என்று விதி வந்தது. எடுக்கலாம், எடுக்க வேண்டும் என்று இல்லை. அவளை எடுக்கவில்லை.

அந்த வழக்குக்குப் பெயர் கொடுத்த கிராண்ட் ஹவுஸ் ஒரு நீச்சல்காரர். அரிஸோனா ஸ்டேட்டில் நீந்தியவர். தன்னைப் போன்றவர்களுக்காகவும்தான் அந்தப் பையன் 2020-இல் வழக்குப் போட்டிருப்பான். இன்று நீச்சல், ஓட்டம், டென்னிஸ் அணிகளில்தான் ஆள் குறைகிறது. டெக்ஸாஸில் எல் பாஸோ பல்கலைக்கழகம் பெண்கள் டென்னிஸ் அணியையே மூடியது.

காவிரிக்கரை சார், உங்கள் பையனுக்கு நடந்தது அநியாயம். அதைச் சரிசெய்கிறோம் என்று என் பெண்ணிடமிருந்து எடுப்பதும் அநியாயம்தான். எனக்குக் கோபம் ஆட்டக்காரர்கள் மேல் இல்லை. பயிற்சிக் கட்டடத்தில் சலவைக்கல் பதித்தவர்கள், கோச்சுக்குக் கோடிகளில் எழுதிக் கொடுத்தவர்கள், இருபத்தாறு ஷூ வாங்கப் பணமில்லை என்கிறார்கள். அவர்கள் மேல்தான்.


காவிரிக்கரை
7 செப்டம்பர் 2025, இரவு 9:15

மாலதி அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆள் வரம்பை நான் சரியாக யோசிக்கவே இல்லை, பணத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்-ஆன் ஒருவரை வைத்துக்கொள்ள ஆகும் செலவு மிகச் சிறியது. அந்த வரம்பை யார் கேட்டார்கள் என்பதே புரியவில்லை.


யாழ்_அருண்
8 செப்டம்பர் 2025, காலை 7:30

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். எங்கட ஊர்ப் பெடியன் ஸாக் ஈடியை எல்லாருக்கும் தெரியும்தானே. பர்டூ பல்கலைக்கழகப் பாஸ்கெட்பால் அணிக்கு ஆடி 2023, 2024 இரண்டு வருடமும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர். ஏழடி நாலு அங்குலம். இரண்டாம் வருடம் அணியை இறுதி ஆட்டம் வரைக்கும் கொண்டுபோனவர். ஆனால் கனடாக்காரர், மாணவர் விசா. கூட ஆடின அமெரிக்கப் பெடியன்கள் விளம்பரத்தில் நின்று உழைக்கலாம், அவர் உழைத்தால் விசா போய்விடும்.

கென்டக்கிக்கு ஆடின கொங்கோ நாட்டு ஆஸ்கார் ஷீப்வேயும் அப்படித்தான். 2022 ஓகஸ்டில் அணி பஹாமாஸ் போனபோது விளம்பர வேலைகளை அங்கே வைத்து முடித்தார். அமெரிக்க மண்ணில் நின்று செய்தால் வேலை, கடலுக்கு அந்தப் பக்கம் செய்தால் பிரச்சினை இல்லை. நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் இப்படித் தீவு தேடிப்போக வேண்டியிருந்தது.

இப்ப கல்லூரியே நேரடியாகக் கொடுக்கிற பங்கிலும் வெளிநாட்டு மாணவருக்குக் கொடுக்கப் பல கல்லூரிகள் தயங்குகின்றன. ஊழியர் என்று ஒத்துக்கொண்டால் வளாகத்துக்குள் 20 மணி நேர வேலை என்ற வழியாவது திறக்குமோ என்று நான் யோசிக்கிறது உண்டு. விசாச் சட்டம் தெரிந்த ஆட்கள் சொல்ல வேண்டும். காவிரிக்கரை அண்ணை ட்யூட்டராக அதே விசாவில் சம்பளம் வாங்கினவர்தானே.


வரிக்கணக்கு_லதா
8 செப்டம்பர் 2025, பகல் 12:40

விசா எனக்குத் தெரியாது, வரி தெரியும். நான் சிபிஏ, அதாவது உரிமம் பெற்ற கணக்காளர். என்னிடம் இரண்டு கல்லூரி ஆட்டக்காரர்களின் குடும்பங்கள் வருகின்றன. இந்த 'ஊழியர் இல்லை' என்பதன் விலையைச் சொல்கிறேன்.

புதிய பங்கு ஒப்பந்தங்களைப் படித்தால், நீ எங்களுக்காக ஆடு, இவ்வளவு தருகிறோம் என்று ஒரு வரியும் இருக்காது. உன் பெயரையும் முகத்தையும் பயன்படுத்திக்கொள்ள உரிமை கொடு, அதற்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். அதனால் வருமானம் பெரும்பாலும் சுயதொழில் கணக்கில் வருகிறது. வருமான வரிக்கு மேல் 15.3 சதவீதம் சுயதொழில் வரி. ஊழியராக இருந்தால் அதில் பாதியை முதலாளி கட்டுவார். அதைவிட மனசை உறுத்துவது ஒன்று உண்டு. படிக்கும் பல்கலைக்கழகத்திலேயே வேலை பார்க்கும் மாணவருக்குப் பொதுவாக அந்த வரியே கிடையாது. நூலகத்தில் புத்தகம் அடுக்கும் மாணவனுக்கு இருக்கும் விலக்கு ஆட்டக்காரனுக்கு இல்லை.

பதினெட்டு வயசுப் பிள்ளைகள். காசோலை வரும்போது வரி பிடிக்கப்பட்டிருக்காது, முழுசும் தனது என்று நினைக்கிறார்கள். போன வருடம் ஒரு பையன் 40,000 டாலர் வாங்கி அம்மாவுக்குக் கார் வாங்கிக் கொடுத்துவிட்டு ஏப்ரலில் என் முன்னால் உட்கார்ந்தான். கட்ட வேண்டிய தொகையைச் சொன்னதும் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான், அங்கே வேறு ஏதாவது எழுதியிருக்குமா என்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்வரி கட்ட வேண்டும் என்று யாருமே அவனுக்குச் சொல்லவில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த வருமானத்தால் அரசின் பெல் உதவித்தொகையும் குறையலாம்.


கணேஷ்_டல்லாஸ்
8 செப்டம்பர் 2025, இரவு 8:55

மாலதி அக்கா எழுதியதை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். இருவருக்கும் மனசு கனத்துவிட்டது.

நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஃபுட்பால், ஆண்கள் பாஸ்கெட்பால் பெரிய அணிகளில் இவர்கள் வேலை செய்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் எல்லோரையும் ஊழியர் ஆக்கினால் சின்னக் கல்லூரி என்ன செய்யும்? பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் இந்த மார்ச்சில் தேசிய பாஸ்கெட்பால் தொடரில் ஆடியது. ஆடி முடித்த சில நாட்களிலேயே முதல் பிரிவை விட்டு, விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே இல்லாத மூன்றாம் பிரிவுக்குப் போகிறோம் என்று அறிவித்தது. பணம் கொடுத்து ஆட வைக்கும் போட்டியில் எங்களால் ஈடுகொடுக்க முடியாது என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். பழைய பாக்கி 280 கோடியிலும் ஒரு பகுதியை, பெரிய டிவி பணம் பார்க்காத சின்னக் கல்லூரிகளின் பங்கைப் பிடித்துத்தான் கட்டுகிறார்கள்.

பணக்காரக் கல்லூரி எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் அள்ளிக்கொள்ளாதா என்பதும் என் கவலை.


நெல்லைச்சீமை
8 செப்டம்பர் 2025, இரவு 9:30

அள்ளிக்கொள்வது பற்றி மட்டும் சொல்கிறேன். யாருக்கும் சம்பளம் இல்லாத காலத்தில்தான் அலபாமா ஃபுட்பால் அணி கோச் நிக் சேபனின் கீழ் 2009-லிருந்து 2020 வரை ஆறு பட்டம் வென்றது. அதைச் சமநிலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பணம் கொடுக்க முடியாதபோது போட்டி கட்டடத்தில் நடந்தது, கோச் சம்பளத்தில் நடந்தது. இப்போது 2024 அக்டோபர் 5-ஆம் தேதி வாண்டர்பில்ட் அதே அலபாமாவை 40-35 என்று தோற்கடித்தது. மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி நாஷ்வில் தெருக்களில் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டார்கள். கல்லூரிப் பெயரை நெஞ்சில் சுமப்பது போய்விட்டது என்றீர்களே, அந்த வீடியோவைப் பாருங்கள்.


காவிரிக்கரை
9 செப்டம்பர் 2025, காலை 6:50

கணேஷ், மூன்றாம் பிரிவுக் கல்லூரியில் ஆசைக்கு ஆடும் பிள்ளையை ஊழியர் ஆக்கச் சொல்லவில்லை. 2024 ஜூலையில் ஜான்சன் வழக்கில் மூன்றாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதும் அதுதான். விளையாட்டுக்காக விளையாடுகிறவர் யார், இன்னொருவரின் கட்டுப்பாட்டில் இன்னொருவரின் லாபத்துக்காகப் பலன் பெற்று ஆடுகிறவர் யார் என்று தனித்தனியாகப் பாருங்கள் என்றது. பார்ப்பதற்கே மறுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சியும்.

உங்களுக்குச் சம்பள உச்சவரம்பு வேண்டும், அணி மாறுவதில் ஒரு ஒழுங்கு வேண்டும். நியாயமான ஆசை. தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் இரண்டும் உண்டு. ஆட்டக்காரர் சங்கம் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டதால் அது சட்டப்படி நிற்கிறது. கல்லூரியில் 2 கோடியே 5 லட்சம் என்ற வரம்புக்கு எந்தச் சங்கமும் கையெழுத்துப் போடவில்லை. அதனால் அடுத்த வழக்கு வந்தால் அந்த வரம்பு ஆட்டம் கண்டுவிடும். சங்கம் வேண்டுமென்றால் ஊழியர் என்ற நிலை வேண்டும். டார்ட்மத் பாஸ்கெட்பால் பையன்கள் 2024 மார்ச்சில் 13-2 என்று வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். அந்த டிசம்பர் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று, வரப்போகும் புதிய தொழிலாளர் வாரியம் தங்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிடும் என்ற பயத்தில்.

ஒரு மேசையில் சங்கம் உட்கார்ந்திருந்தால் மாலதி அக்காவின் பெண்ணுக்கும் ஒருவர் பேசியிருப்பார்.


மாலதி_சிவா
9 செப்டம்பர் 2025, மாலை 7:10

பேசியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். ஃபுட்பால் சங்கம் ஃபுட்பாலுக்குத்தான் பேசும். பழைய பாக்கியைப் பிரித்த விதத்தைப் பாருங்கள்: சுமார் 75 சதவீதம் ஃபுட்பாலுக்கு, 15 ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கு, 5 பெண்கள் பாஸ்கெட்பாலுக்கு, மிச்சம் 5 மற்ற எல்லோருக்கும். அதை எதிர்த்து எட்டுப் பெண்கள் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். பல கல்லூரிகள் இந்த வருடப் பங்கையும் அதே கணக்கில் பிரிக்கின்றன.

சந்தையில் யாருக்கு மதிப்போ அவர்களுக்குப் பணம் என்கிறார்கள். அந்தச் சந்தையை யார் கட்டினார்கள்? 2021-இல் சான் அன்டோனியோவில் பெண்கள் பாஸ்கெட்பால் தொடருக்குக் கொடுத்த உடற்பயிற்சி அறையில் ஒரே ஒரு அடுக்கு சின்ன எடைகள். ஆண்களுக்கு ஒரு மண்டபம் நிறையக் கருவிகள். அதை வீடியோ எடுத்துப் போட்ட செடோனா பிரின்ஸ், ஹவுஸ் வழக்கில் இன்னொரு மனுதாரர். மூன்றே வருடத்தில், கெய்ட்லின் கிளார்க் ஆடிய 2024 பெண்கள் இறுதி ஆட்டத்தைச் சுமார் 1 கோடியே 90 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு ஒன்றரைக் கோடிகூட இல்லை. பெண்கள் தொடரில் ஜெயித்தால் கல்லூரிக்குப் பங்குத் தொகை என்பதே இந்த வருடம்தான் தொடங்கியது. ஐம்பது வருடம் தண்ணீர் ஊற்றாத செடியைக் காட்டி, காய்க்கவில்லை பார் என்பது சரியில்லை.


செந்தில்_கோவை
10 செப்டம்பர் 2025, காலை 9:05 (இந்திய நேரம்)

வணக்கம். கோவையிலிருந்து. என் மகனுக்குப் பதினேழு வயது, டென்னிஸ் ஆடுகிறான். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 இரண்டு வருடமும் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்றதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். போன மாதம் அங்கே ஒரு முதல் பிரிவுக் கல்லூரியின் கோச் மெயில் போட்டிருக்கிறார். இந்த இழையைப் படித்த பிறகு பயமாக இருக்கிறது. என்ன கேட்க வேண்டும்?


நெல்லைச்சீமை
10 செப்டம்பர் 2025, காலை 7:45

செந்தில் சார், வாழ்த்துகள். பயப்பட வேண்டாம். முதலில் அந்தக் கல்லூரி ஹவுஸ் சமரசத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேராவிட்டால் பழைய கணக்கு: ஆண்கள் டென்னிஸ் அணி முழுவதற்கும் நாலரை ஸ்காலர்ஷிப், அதைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். சேர்ந்திருந்தால் அணியில் பத்துப் பேர், பத்துப் பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். கொடுப்பார்களா என்பது வேறு. உங்கள் மகனுக்கு எத்தனை சதவீதம், எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள். கோச் மாறினால், அணியை மூடினால் ஸ்காலர்ஷிப் நிற்குமா என்றும் கேளுங்கள்.


வரிக்கணக்கு_லதா
10 செப்டம்பர் 2025, காலை 10:20

ஒன்று சேர்க்கிறேன். காவிரிக்கரை சாரின் முதல் பதிவுக்கும் இது ஒரு திருத்தம். 2024 ஆகஸ்டிலிருந்து முதல் பிரிவுக் கல்லூரிகள், ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு, மாணவர் வெளியேறிய பிறகும் குறைந்தது இரண்டு வருடம் மருத்துவச் செலவைப் பார்க்க வேண்டும். உங்கள் மகனுக்கு அது பொருந்தும்.


காவிரிக்கரை
10 செப்டம்பர் 2025, காலை 10:41

நன்றி லதா. அது நல்ல மாற்றம், நான் குறிப்பிட்டிருக்க வேண்டும். என் மாணவனுக்கு இப்போது முப்பத்தாறு வயசு இருக்கும். கிழிந்த முழங்கால் இந்த வயசுக்கு மேல்தான் தன் கணக்கைக் கேட்கத் தொடங்கும். இரண்டு வருடம் அதற்குப் போதாது.


செந்தில்_கோவை
13 செப்டம்பர் 2025, இரவு 8:30 (இந்திய நேரம்)

கோச் பதில் போட்டுவிட்டார். நல்ல மனிதராகத் தெரிகிறார். சமரசத்தில் சேர்ந்திருக்கிறார்கள். 60 சதவீத ஸ்காலர்ஷிப், வருடா வருடம் பார்த்துக் கூட்டுவோம் என்கிறார். காயம் பற்றிக் கேட்டதற்கு, அணியில் இருக்கும்வரை எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம், அதற்குப் பிறகு இரண்டு வருடம் விதிப்படி உண்டு, அதற்கு மேல் இதுவரை யாரும் எங்களிடம் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறார்.


காவிரிக்கரை
13 செப்டம்பர் 2025, காலை 11:50

செந்தில் சார், 'வருடா வருடம் பார்த்துக் கூட்டுவோம்' என்பதைக் கையெழுத்துப் போடும் தாளில் எழுதச் சொல்லுங்கள். குறைக்க மாட்டோம் என்பதையும் சேர்த்து. பையன் என்ன படிக்க ஆசைப்படுகிறான்? இன்ஜினியரிங் என்றால் ஆய்வகம் எத்தனை மணிக்கு, பயிற்சி எத்தனை மணிக்கு என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.